சிவப்புப் புள்ளி ஒட்டிய தலை

லெர்ஹென்பாக்
10 ஜனவரி 1988

செவெரின் அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மகள் வீடு வசதியாக இருக்கிறது, ஏரிக்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் போடவில்லை. போட மனம் வரவில்லை. இதையும் பாசத்தில் எழுதவில்லை, ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மச்சான் ரூபெர்ட் போய் மூன்று மாதம் ஆகிறது. நிலவறையில் இருக்கும் ஃப்ரீசரை நேற்றுத்தான் துணிந்து காலி செய்தேன். அடியில், உறைந்த பீன்ஸுக்கும் கீழே, ஒரு பைக்குள் மான் தலை இருந்தது. பையின் மேல் அவர் கையெழுத்தில் தேதி: அக்டோபர் 3. அவர் இறந்தது ஒன்பதாம் தேதி. ஆற அமரச் சுத்தம் செய்யலாம் என்று உள்ளே வைத்திருக்கிறார்.

வேட்டைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மார்ச் பன்னிரண்டாம் தேதி கொம்புக் காட்சி. போன வருடம் சுட்ட எல்லாத் தலைகளும் கீழ்த்தாடையோடு வந்துசேர வேண்டுமாம், செத்துப்போனவர் சுட்டதும் சேர்த்து. தலைவரே வீட்டுக்கு வந்து, "நாங்களே சுத்தம் பண்ணித் தர்றோம், நீங்க எதுக்கு சிரமப்படணும்" என்று சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றேன். போன மார்ச்சில் ரூபெர்ட்டைப் பார்த்துச் சிரித்தவர்களின் கைகள் இந்தத் தலையைத் தொடக் கூடாது. நானே என் வீட்டில் செய்கிறேன்.

ஆனால் எனக்கு முழுசாகத் தெரியாது. முப்பது வருடம் உங்கள் இரண்டு பேர் தலைகளையும் நீங்கள்தான் சுத்தம் செய்தீர்கள். (சுட்ட தலைகளைச் சொல்கிறேன்.) உங்கள் கை வெளுப்பு இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாருக்கும் வராது, அதை நான் மறுக்கவில்லை. முறையை வரிசையாக எழுதி அனுப்பவும்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டில் எது நடந்தாலும் முறை காதில் ஏறாது.

ரோஸ்வித்தா


பிரெகென்ஸ்
16 ஜனவரி 1988

அன்புள்ள ரோசி,

உன் கடிதம் கிடைத்தது. "நீங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். ஏழு வயதில் என் தலையில் பால் வாளியைக் கவிழ்த்தவள் நீ. சரி, உனக்கு அந்த உரிமை உண்டு.

முறையைக் கேட்டாய், சொல்கிறேன். பையோடு குளிர்ந்த அறையில் இரண்டு நாள் வை. அடுப்புப் பக்கத்தில் வைத்து அவசரப்படுத்தாதே. உறைந்தது இளகியதும் தோலை உரி. சின்னக் கத்தி போதும், ஆனால் நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். பிடரியிலிருந்து ஆரம்பித்து முன்னால் வா. கொம்பு முளைக்கும் இடத்தைச் சுற்றி முட்கள் மாதிரி ஒரு வளையம் இருக்கும், அதன் அடியில் தோல் கெட்டியாக ஒட்டியிருக்கும். அங்கே பொறுமையாகப் போ. கண்களை எடு. நாக்கை எடு. தாடையைக் கீழே அழுத்திப் பிரித்துத் தனியாக எடு. மூளையை வளைந்த கம்பியும் குழாய்த் தண்ணீரும் வைத்துப் பின்பக்க ஓட்டை வழியாகக் கழுவி எடுக்க வேண்டும். இதைச் சாப்பிட்ட பிறகு செய்யாதே.

பிறகு இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் ஊற வை. காலையும் மாலையும் தண்ணீரை மாற்று. ரத்தம் முழுக்க வெளியே வர வேண்டும். வராமல் கொதிக்க வைத்தால் எலும்பு பழுப்பாகவே நிற்கும், எந்த மருந்து போட்டாலும் வெளுக்காது. ஊறி முடிந்ததும் எழுது, கொதிக்க வைப்பதைப் பற்றி அப்போது சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் நீ கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாய், எனக்குத் தெரியும்.

அடக்கத்தன்று நான் வந்திருந்தேன். கோயிலின் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். நீ பார்த்தாயோ என்னவோ. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தரம் அடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன்
செவெரின்


லெர்ஹென்பாக்
28 ஜனவரி 1988

அண்ணா,

பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். பையைத் திறந்தால் அதன் வாயில் தேவதாருக் கிளை ஒன்று அப்படியே இருந்தது. விழுந்த மானின் வாயில் கடைசிக் கவளம் என்று வேட்டைக்காரர்கள் நீங்கள் வைப்பீர்களே, அது. பச்சை கூட மாறவில்லை. யாரும் பார்க்காத காட்டில், தனியாக நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு அதை வைத்திருக்கிறார். நான் நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று வேறு ஒரு வேலையும் ஓடவில்லை. கிளையை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

உரிப்பதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது. கையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். மூளை விஷயத்தில் நீ சொன்னது சரி, நான் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். பக்கத்து வீட்டு கெர்லிண்டெ வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன ரோசி, சூப்பா?" என்றாள். "ஆமா, உனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வெக்கறேன்" என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாளாக அவள் தலை தென்படவில்லை. ஊறல் தண்ணீர் இப்போது தெளிவாகிவிட்டது.

இனி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அடுத்த வேலை ஓடாது.

சட்டம் எனக்கும் தெரியும். குட்டியைச் சுடலாம், கிழட்டு மானைச் சுடலாம், நடுவில், மூன்று நான்கு வயதில் நல்ல கொம்போடு வளர்ந்து வருவதைச் சுடக் கூடாது. சுட்டால் காட்சியில் அந்தத் தலைக்குச் சிவப்புப் புள்ளி. எல்லாம் சரி. ஆனால் அதை ஒட்டிய கை என் அண்ணன் கையாக ஏன் இருக்க வேண்டும்? நடுவர்கள் மூன்று பேர் இருந்தீர்களே. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மச்சான், தப்பு நடந்துபோச்சு, நாளைக்கு சிவப்பு விழும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மனதைத் தயார் செய்துகொண்டிருப்பார். இருநூறு பேர் முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒட்டினாய். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அதற்குப் பிறகு சாராயக் கடையில், "என்ன ரூபெர்ட், அதுக்கு பால் பல்லாவது விழுந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சீட்டு மேசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாற்பது வருடமாகப் போன மேசை.

நானும் சும்மா இருக்கவில்லை. "கண்ணு போச்சு, இனிமே துப்பாக்கிய தொடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி யூடன்பர்கில் கண் டாக்டரிடம் அனுப்பினேன். கண்ணாடியோடு வந்தார். மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொண்டார். அவரைத் தெரியுமல்லவா உனக்கு? குளிருக்குக் கையுறை போடச் சொன்னாலே அரைமணி நேரம் சண்டை பிடிக்கிற மனுஷன். அப்படிப்பட்டவருக்குத் தன் கண்ணிலேயே சந்தேகம் வரவைத்தது நீ ஒட்டிய அந்தப் புள்ளி. கோடை முழுக்க அதைப் போட்டுக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போய்வந்தார். அக்டோபரில் வேட்டைப் பரணிலிருந்து இறங்கி வரும் வழியில் நெஞ்சு நின்றுவிட்டது. கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்ததாகச் சொன்னார்கள்.

கொதிக்க வைக்கும் முறையை எழுது.

ரோசி


பிரெகென்ஸ்
3 பிப்ரவரி 1988

ரோசி,

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். முந்தின நாள் வந்து சொல்லியிருக்கலாம் என்பது உண்மை. அது ஒரு மனுஷன் செய்ய வேண்டிய காரியம், நான் செய்யவில்லை.

ஆனால் புள்ளி தப்பு என்று மட்டும் சொல்லாதே. எத்தனையோ இரவு யோசித்துப் பார்த்துவிட்டேன். தாடை பொய் சொல்லாது. மூன்று வயது மானின் பல் முகடுகள் நகத்தைக் கிழிக்கும். ஏழு வயதில் தேய்ந்து பலகை மாதிரி ஆகிவிடும். ரூபெர்ட் கொண்டுவந்த தாடையை இந்தக் கையில்தான் வைத்துப் பார்த்தேன். முகடெல்லாம் கூராக இருந்தது. தலையை மாட்டியிருந்த பலகையின் எண் நாற்பத்தொன்றை அதில் மையால் எழுதியதும் நான்தான். வேறு யார் மானாக இருந்தாலும் அதே புள்ளிதான். மச்சான் என்பதற்காக மாற்ற முடியுமா, நீயே சொல்.

இது போகட்டும். கொதிக்க வைப்பது.

வீட்டுக்குள் செய்யாதே, துணி துவைக்கும் கொட்டகையில் பழைய அண்டா இருக்கிறது. கொம்பு தண்ணீரில் படவே கூடாது, பட்டால் நிறம் போய்விடும். கொம்புகளைக் குறுக்குக் கட்டையில் கட்டித் தொங்கவிடு, அந்த முள் வளையத்துக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் நிற்கட்டும். ஒரு கைப்பிடி சலவை சோடா போடு. தளதளவென்று கொதிக்க விடாதே, ஓரத்தில் சின்னக் குமிழி வந்தால் போதும். ஒன்றரை மணி நேரம். மூக்கு எலும்பு மெல்லியது, அதிகம் வெந்தால் கழன்று விழும். விழுந்தால் பயப்படாதே, காய்ந்த பிறகு மரப்பசை வைத்து ஒட்டலாம். தாடையை அரைமணியிலேயே எடுத்துவிடு, இல்லாவிட்டால் பற்கள் உதிரும். வெந்த சதையைக் கத்தியால் சுரண்டாதே, மரக்குச்சியால் தள்ளு.

உனக்கு இருப்பது ஒரே தலை, ஆகவே இது உனக்குத் தேவையில்லை, பழக்கத்தில் வருகிறது, எழுதிவிடுகிறேன்: ஓர் அண்டாவில் ஒரு தலைதான். இரண்டு போட்டே ஆக வேண்டுமென்றால் தாடையையும் தலையையும் ஒரே மாதிரி முடிச்சுப் போட்ட கம்பியால் அடையாளம் கட்டிவிட்டுத்தான் உள்ளே இறக்க வேண்டும். வெந்து வெளியே வந்துவிட்டால் எந்தத் தாடை எந்த மானுடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. என் அப்பா இதற்காக என்னை ஒரு தடவை அடித்திருக்கிறார். நம் அப்பா.

வெளுப்பதற்குப் பெராக்சைடு மருந்துக்கடையில் கிடைக்கும். பஞ்சில் நனைத்து எலும்பின் மேல் போர்த்து, ஒரு நாள் விடு. கொம்பில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. கையுறை போட்டுக்கொள்.

செவெரின்


லெர்ஹென்பாக்
21 பிப்ரவரி 1988

அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது. கொதிக்க வைத்தாகிவிட்டது. மூக்கு எலும்பு ஒரு பக்கம் கழன்றது, ஒட்டினேன். பெராக்சைடு போட்டு எடுத்ததும் கழுவின பீங்கான் போல வந்திருக்கிறது. கொம்பில் படவில்லை. நீ பார்த்தால் குறை கண்டுபிடிப்பாய், ஆனால் நிறைய கண்டுபிடிக்க முடியாது.

தாமதத்துக்குக் காரணம் தலை இல்லை. நீ பழக்கத்தில் எழுதினாயே, இரண்டு தலை, ஓர் அண்டா. அந்த இடத்தில் கடிதத்தை மடித்துவைத்துவிட்டேன். அடுப்பை மூட்ட ஒரு வாரம் கை வரவில்லை.

1986 ஆகஸ்டில் பரண் ஏணியிலிருந்து விழுந்து உன் மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு வருடம்தான் நீ தலை சுத்தம் செய்யவில்லை. ரூபெர்ட் இரண்டு தலைகளோடு வந்து நின்றார். ஒன்று அவர் சுட்டது. இன்னொன்று மரம் அறுக்கும் ஆலை வளைவில் பால் வண்டி மோதிச் செத்துக் கிடந்தது. அடிபட்டுச் செத்ததையும் காட்சிக்கு வைக்க வேண்டும் அல்லவா, அதற்காக. இரண்டையும் அவரே உரித்து ஊறவைத்தார். கொட்டகையில் அண்டாவில் இறக்கிவிட்டு ஆலைக்குப் புறப்பட்டார். போகும்போது, "தாடைங்கள மட்டும் அரைமணில எடுத்துடு ரோசி" என்றார்.

எடுத்தேன் அண்ணா. இரண்டு தாடைகளையும் ஒரே கரண்டியில் அள்ளி எடுத்து, ஜன்னல் மேடையில் செய்தித்தாளில் பரப்பி, நன்றாகத் துடைத்து வைத்தேன். அவர் வேலை முடிந்து வந்து பார்த்துச் சிரமப்படக் கூடாதென்று, தலைகள் காய்ந்ததும் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தாடையை நானே எடுத்து வைத்தேன். எது எதனுடையது என்று எனக்கு யோசனையே வரவில்லை. கம்பி ஒன்றும் கட்டியிருக்கவில்லை. சாயங்காலம் அவர் வந்து, "பரவாயில்லையே, என் பொண்டாட்டி கை தேர்ந்துட்டாளே" என்று சொல்லிவிட்டு, நான் வைத்தபடியே பலகையின் பின்னால் கம்பி போட்டுக் கட்டினார். எனக்கு அன்று பெருமை பிடிபடவில்லை.

பால் வண்டியில் அடிபட்டது இளசு. அது எனக்கே தெரியும், ஆலைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அப்படியென்றால் நீ கையில் வைத்துப் பார்த்த தாடை எது? பத்து நாளாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், இதோடுதான் படுக்கிறேன். இரண்டு தலைகளும் அடுக்களைக்குப் போகும் நடையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. தினமும் இருபது தடவை அவற்றைக் கடந்து போகிறேன். நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இப்போது பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருந்தால் சொல். இல்லை என்று நீ சொன்னால் நான் ஒருவேளை சந்தோஷப்படுவேன், அதையும் மறைக்கவில்லை.

ரோசி


பிரெகென்ஸ்
26 பிப்ரவரி 1988

ரோசிக் குட்டி,

வழி இருக்கிறது. பலகையிலிருந்து தலையைக் கழற்றித் திருப்பு. மேல்வரிசைப் பற்களைப் பார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று அரைத்துத்தான் தேய்கின்றன. ஒரே மானுடையவை என்றால் இரண்டும் கூராக இருக்கும், இல்லாவிட்டால் இரண்டும் மழுங்கியிருக்கும். மேல் ஒன்று கீழ் ஒன்று என்று இருக்கவே முடியாது. அரை நிமிட வேலை.

அரை நிமிட வேலை. அதை அன்று நான் செய்யவில்லை. அடிபட்டதற்குப் புள்ளி கிடையாது என்பதால் அதன் தாடையில் எண்ணை மட்டும் எழுதினேன், பல்லைப் பார்க்கவில்லை.

இதை உனக்குச் சொல்லாமல் சாக முடியாது, இப்போது சொல்கிறேன். அன்று காலை நடுவர் மேசையில் கால்நடை மருத்துவர் ஹார்ட்விக் என் பக்கத்தில் இருந்தார். ரூபெர்ட்டின் தலை வந்தபோது, "மண்டையோடெல்லாம் பெருசா இருக்கே செவெரின், கொம்பும் கிழட்டுக் கொம்பு மாதிரி தெரியுது. திருப்பி மேல்பல்லையும் பாத்துடலாமே" என்றார். நான், "வேணாம், தாடை போதும். என் மச்சானுக்குச் சலுகை காட்டினேன்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது" என்றேன். அவர் அடுத்த தலையை எடுத்தார்.

சலுகை என்று சொன்னதும் பாதி உண்மைதான். அதற்கு முந்தின கோடையில் நானும் ரூபெர்ட்டும் ஒரே பரணில் உட்கார்ந்து அந்த மானைப் பார்த்தோம். நான் மூன்று வயது, விடு என்றேன். அவர் ஏழு என்றார். "உன் கண்ணு வேற, என் கண்ணு வேற மச்சான்" என்று சிரித்தார். ஒரு வாரம் கழித்துச் சுட்டுவிட்டார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஆகவே காட்சியன்று கூரான பல்லைக் கையில் தொட்டதும், ரோசி, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நான் சொன்னதுதானே சரி என்ற சந்தோஷம். தலையைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தேவையே படவில்லை. அன்று மாலை பத்துப் பேர் வந்து என் தோளில் தட்டி, நேர்மையான ஆள் என்றார்கள். நானும் அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

இருபத்தெட்டு வருடம் ஒரே காட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன் அவன். அவனை நம்புவதற்கு எனக்கு அரை நிமிடம் இல்லாமல் போய்விட்டது.

நீ அண்டாவில் செய்தது தெரியாமல் நடந்த பிசகு. நான் செய்தது அப்படி இல்லை. சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன், இன்னும் அஞ்சலில் சேர்க்கவில்லை. நடுவர் என்ற முறையில் நான் சரியாகப் பார்க்கவில்லை, தவறு முழுக்க என்னுடையது, புள்ளியை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. உன் பேச்சே வராது. அண்டா, தாடை ஒன்றும் வராது. நீ பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது, அனுப்பிவிடுகிறேன்.

அண்ணன்


லெர்ஹென்பாக்
4 மார்ச் 1988

அண்ணா,

உன் கடிதத்தை அனுப்பாதே.

நேற்றுக் காலை நடையில் விளக்கைப் போட்டுவிட்டு ரூபெர்ட்டின் தலையைக் கழற்றினேன். பலகையின் ஓரத்தில் உன் சிவப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது. போன வருடமே அதைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். "இருக்கட்டும் ரோசி, அது ஒண்ணும் கடிக்காது" என்றார். தலையைத் திருப்பினேன். மேல்பற்கள் தட்டையாக, நீ சொன்ன பலகை மாதிரியே இருந்தன. கிழட்டு மான்தான். பின்னால் கட்டியிருந்த தாடையைப் பார்த்தேன்.

அதுவும் தட்டையாக இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் தாடை மாறவே இல்லை, நான் தப்பித்தேன், நீ குருடன் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாடை எலும்பில் மையால் எழுதிய எண் நாற்பத்திரண்டு. உன் கையெழுத்து. பலகையின் எண் நாற்பத்தொன்று. பால் வண்டியில் அடிபட்டதை இறக்கிப் பார்த்தேன். மேலும் கூர், கீழும் கூர். பலகை நாற்பத்திரண்டு, தாடை நாற்பத்தொன்று.

காட்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் திருப்பிப் பார்த்திருக்கிறார் அண்ணா. நீ செய்யாத அரை நிமிட வேலையை அவர் செய்திருக்கிறார். என்ன நடந்தது என்று அவருக்கு அங்கேயே விளங்கியிருக்கும், ஏனென்றால் தாடைகளை எடுத்து வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். கம்பியை அவிழ்த்து, எது எதனுடையதோ அதை அதோடு கட்டி, மறுபடி சுவரில் மாட்டிவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார்.

தலைவரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் புள்ளி அன்றைக்கே போயிருக்கும். ஆனால் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். "ரூபெர்ட் பொண்டாட்டி தாடையை மாத்தி சமைச்சுட்டா" என்று இந்த ஊர் இருபது வருடம் சொல்லிச் சிரித்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியக் கூடாதென்றுதான் அவர் என்னிடமும் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போன கடிதங்களில் எழுதாததை இப்போது எழுதுகிறேன். அவர் உன்னோடு சண்டை போடவே இல்லை. ஏப்ரலில் உன் வீட்டுக்குப் புறப்பட்டார், தொப்பியை மாட்டிக்கொண்டு. நான்தான் கதவில் நின்று, "அவன் வாசப்படிய மிதிச்சீங்கன்னா, இந்த வாசப்படிய மறந்துடுங்க" என்றேன். தொப்பியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "செவெரின் கையில இருந்ததத்தான் பாத்தான், அவனத் திட்டாத" என்று மட்டும் சொன்னார். நான் நிறுத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் உன்னைத் திட்டினேன், பிறகு அவர் கண்ணைத் திட்டினேன். இளசைச் சுட்டவர் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்து சூப்பைக் குடித்தார்.

ஆகஸ்டில் நீ ஊரைக் காலி செய்துகொண்டு போன அன்று அவர் வேலி ஓரம் நின்று லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலை மூடினேன்.

இப்போது நீயும் வந்து, உன் பேச்சே வராது என்கிறாய். போதும் அண்ணா. எனக்காக ஒருத்தர் சுமந்தது போதும், இன்னொருத்தர் சுமக்க வேண்டாம். பன்னிரண்டாம் தேதி இரண்டு பழைய தலைகளையும் புதியதையும் நானே எடுத்துக்கொண்டு போகிறேன். காட்சி மேடையில் ஏறி, ஓர் அண்டாவில் இரண்டு தலை போட்டேன் என்று நானே சொல்லப் போகிறேன். சிரிக்கட்டும். நீ மேல்பல்லைப் பார்க்கவில்லை என்பதை நீ சொல்லிக்கொள், அது உன் பங்கு. பதினொன்றாம் தேதி ரயிலில் வா. மாடி அறையில் படுக்கை போட்டு வைக்கிறேன். வாசற்படியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் வாபஸ்.

புதிய தலையின் பற்களையும் பார்த்துவிட்டேன். மேலும் தட்டை, கீழும் தட்டை. நல்ல கிழட்டு மானாகப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறார். அந்தத் தேவதாருக் கிளை காய்ந்துவிட்டது, பலகையில் கொம்புக்குக் கீழே கட்டலாமா என்று நீ வந்து சொல்.

இன்னும் ஒன்று. நேற்று அவருடைய சட்டைப் பையிலிருந்து வந்த பொருட்களை, ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையோடு வைத்திருந்ததை, முதல் தடவையாகப் பிரித்தேன். கண்ணாடி இருந்தது. உனக்குத் தெரியும், எனக்குக் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்க முடியாது. அவசரத்துக்கு அதை எடுத்து மாட்டிக்கொண்டு உறையில் இருந்த சீட்டைப் படிக்கப் பார்த்தேன். எழுத்து கலங்கலாகவே இருந்தது. ஜன்னலுக்குப் போய்த் தூரத்தில் மலையைப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அது பவர் இல்லாத வெறும் கண்ணாடி, அண்ணா. நான் சொன்னேன் என்பதற்காகக் கோடை முழுக்க அதைப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டிருக்கிறார்.

ரோசி